ஜன்னலோரச் சுரைக்கொடி

கொடி வெயிலைப் பார்த்து வளரவில்லை. அதைத்தான் அவள் முதலில் கவனித்தாள்.

வீட்டின் பின்பக்கத் தோட்டத்தில் மற்ற செடிகள் ஒழுங்காகத்தான் இருந்தன. வெண்டை நிமிர்ந்து நின்றது. பாகல் வேலியைப் பற்றிக்கொண்டு வெளிச்சத்துக்காக மேலே மேலே ஏறியது. இந்தச் சுரை மட்டும், தோட்டம் முழுக்க வெயில் கொட்டிக் கிடக்க, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நிழல் விழுந்த சுவரோடு ஒட்டி ஒட்டி, அண்ணன் படுத்திருந்த அறையின் ஜன்னலை நோக்கி நகர்ந்தது. இலைகள் எல்லாம் விரித்த உள்ளங்கைகளைப் போல அந்தப் பக்கமே திரும்பியிருந்தன. சாயங்காலம் பூக்கும் வெள்ளைப் பூக்களும் அப்படித்தான். ஒருநாள் கொடியின் நுனியைப் பிரித்தெடுத்து, சணல் போட்டுப் பந்தலில் இழுத்துக் கட்டிவிட்டு வேலைக்குப் போனாள். மறுநாள் காலையில் சணல் முடிச்சு அவிழாமல் பந்தலில் தொங்கியது. கொடி ஜன்னல் கம்பிக்குத் திரும்பியிருந்தது.

"அதுக்கு உன் பந்தல் பிடிக்கல பாப்பா. விடேன்" என்றான் அண்ணன், கட்டிலில் இருந்தபடியே.

அவளுக்கு நாற்பதை நெருங்கும் வயது. ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைப் பிரிவில் அவள்தான் மூத்தவள். குழந்தைகளுக்கும் நரம்பு கிடைக்காத கிழவர்களுக்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். முதல் குத்திலேயே எடுத்துவிடுவாள், வலித்ததே தெரியவில்லை என்பார்கள். வீட்டுக்கு வந்தால் அவள் இன்னும் பாப்பாதான். அண்ணன் மின்வாரியத்தில் கம்பம் ஏறும் வேலையில் இருந்தவன். தெருவில் எல்லோருக்கும் அவன் கரண்ட் அண்ணன். ஒரு மழைக்காலத்தில் கம்பத்தின் உச்சியிலிருந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே எதுவும் மிச்சமில்லை. அசைவில்லை, உணர்ச்சியில்லை, ஊசி போட்டால்கூடத் தெரியாது. "ஊருக்கெல்லாம் கரண்ட் குடுத்தவன். எனக்கே பாதி லைன் கட்" என்று பார்க்க வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பான். அவர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விழிப்பார்கள்.

தோட்டம் அவனுக்காகப் போட்டதுதான். நாள் முழுவதும் சுவரையே பார்த்துக்கொண்டு கிடக்கிறானே என்று, ஜன்னலுக்கு வெளியே கொஞ்சம் மண்ணைக் கொத்தி விதைத்தாள். ஆனால் சுரை அவள் விதைத்ததில்லை. அண்ணனைத் துடைத்த தண்ணீரை ஜன்னலுக்கு வெளியே ஊற்றுவது வழக்கம். அந்த ஈரத்தில் அது தானாக முளைத்தது.

"விதை ஒண்ணு போட்டா சுரை ஒண்ணா முளைக்கும்னு சொல்லுவாங்க. நாம எந்த விதையுமே போடலையே அண்ணா."

"கேக்காம வர்ற சொந்தக்காரன் மாதிரி வந்திருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

அந்தக் கோடையில் ஊரே காய்ந்தது. ஆழ்துளைக் கிணறுகளில் காற்றுதான் வந்தது. எதிர்வீட்டு டீச்சரின் தோட்டம் கருகிச் சருகானது. இவள் வீட்டு வெண்டையும் பாகலும்கூட ஒவ்வொன்றாக வாடி விழுந்தன. சுரை மட்டும் காய்த்துத் தள்ளியது. தினமும் ஒன்று, சில நாட்களில் இரண்டு. வெளிர் பச்சையில், மெல்லிய பூனைமயிரோடு, கைக்குழந்தை கனத்துக்கு. டீச்சருக்குக் கொடுத்தாள், பரிசோதனைப் பிரிவில் எல்லோருக்கும் கொடுத்தாள். "ஏட்டுச் சுரைக்காய்தான் கறிக்கு உதவாது. நம்ம வீட்டுச் சுரைக்காய் தெருவுக்கே உதவுது பாரு" என்று அண்ணனுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனால் அவன் அதைச் சாப்பிடுவதில்லை. ஒருமுறை விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன்பே பறித்து வந்து அறுத்தபோது உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்டதுபோல. அவள் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு, இரவெல்லாம் புழுங்கிய மண்ணின் சூடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நறுக்கி அடுப்பில் ஏற்றினாள்.

பகலில் அவள் வேலைக்குப் போனதும் ஓர் ஆள் வருவான். ஆஸ்பத்திரி வார்டில் வேலை செய்த பையன். அண்ணனைப் புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, புண் வராமல் பவுடர் போட்டு, சிறுநீர்ப் பையைக் காலி செய்துவிட்டுப் போவான். சில நாட்களாக அவன் நன்றாகவே வேலை செய்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. அறையில் மருந்து வாடை இல்லை. நோயாளி அறைக்கே உரிய அந்தப் புளித்த நெடி, எத்தனை ஊதுபத்தி கொளுத்தினாலும் போகாதது, போய்விட்டிருந்தது. அதற்குப் பதிலாக ஈர மண் வாசனை. தழை கசங்கிய வாசனை. அண்ணனின் கன்னத்தில் பல வருடங்களாகக் காணாத ஒரு செழுமை. பசியே இல்லை என்றான். தட்டைக் கிளறிவிட்டுத் தள்ளி வைத்தான். ஆனாலும் இளைக்கவில்லை. போர்வையை மார்பு வரை இழுத்துப் போட்டுக்கொண்டான், அந்த வெக்கையிலும். அவள் விலக்கப் போனால் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கும் வெட்கம் மானம் எல்லாம் இருக்கு பாப்பா. அதான் அந்தப் பையன் பாத்துக்கறானே."

பிறகு ஒருநாள் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "என் கால் அசையுது."

அவள் பார்த்தாள். போர்வைக்குள் பாதம் இருக்கும் இடத்தில் ஏதோ மெல்ல நெளிந்தது, நின்றது, மறுபடி நெளிந்தது. மருத்துவர்கள் இதையும் சொல்லியிருக்கிறார்கள். உயிரில்லாத தசைகூடச் சில சமயம் துள்ளும். அவள் சிரித்தாள், தலையசைத்தாள், சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடும் சத்தத்தில் நின்றாள். ஏனென்றால் அவள் மடியில் வேறொரு பாரம் இருந்தது. தூரத்து ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. தங்கும் அறை ஒருவருக்குத்தான். அண்ணனுக்கு ஒரு காப்பகத்தில் இடம் கேட்டிருந்தாள், அவர்களும் சரி என்றிருந்தார்கள். வாசலில் நின்று, கையால் வாயைப் பொத்திக்கொண்டு, போனில் மெல்லிய குரலில் பேசி முடித்த விஷயம் அது. அவனிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று நாட்கள் நகர்ந்தன.

புயல் வருகிறது என்று மதியமே எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் வந்து சேர்ந்தபோது வானம் காயம்பட்ட இடம் கன்றிப்போவதுபோல மஞ்சளும் ஊதாவுமாகக் கன்றிக் கிடந்தது. காற்றே இல்லை. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. வராந்தாவின் இரும்புக் கதவைச் சாத்தி உள்ளே வந்து செருப்பைக் கழற்றும்போது முதல் காற்று வந்தது. அது வீசவில்லை, மோதியது. மேலே தகரக் கூரை கிறீச்சிட்டது, எங்கோ ஒரு கண்ணாடி உடைந்தது, புழுதியும் சருகும் மழையும் ஒரே நேரத்தில் வந்து வீட்டைச் சுற்றிக்கொண்டன. அவள் ஒவ்வொரு ஜன்னலாக ஓடி ஓடிச் சாத்தினாள். மின்விசிறி இரண்டு சுற்று மெதுவாகச் சுற்றி நின்றது. வாசலில் பெரிதாக ஏதோ முறிந்தது. நீண்ட முறிவு. நார் நாராகக் கிழிவதுபோல. பிறகு தரை அதிர்ந்தது.

வாசல் மரம் வராந்தாவின் மேல் விழுந்திருந்தது. கூரைத் தகரம் மடங்கித் தொங்கியது. அடிமரம் இரும்புக் கதவின் மேல் படுத்துக்கிடந்தது. அவள் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தாள். கதவு மயிரிழைகூட அசையவில்லை. எதிர்வீடு மழைக்குள் எங்கோ கரைந்துபோயிருந்தது.

"மரமா?" அண்ணனின் குரல் உள்ளேயிருந்து வந்தது. பதற்றமே இல்லாத குரல். "அந்தக் கிளை லைன்ல உரசுதுன்னு நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன். யாரு கேட்டாங்க?"

அவன் அறை ஜன்னல் திறந்தே இருந்தது. சாரல் உள்ளே அடித்தது. ஆனால் கட்டில் நனையவில்லை. ஜன்னலை முழுவதுமாக இலை அடைத்திருந்தது. காலையில் பாதி ஜன்னல்தான் மூடியிருந்தது என்று அவளுக்கு நிச்சயம்.

"சாத்திடறேன் அண்ணா."

"வேண்டாம். மழை நல்லா இருக்கு." கண்களை மூடிக்கொண்டு புன்னகைத்தான். "ஜில்லுனு இருக்கு. எவ்வளவு நாளாச்சு."

அவன்மேல் ஒரு துளிகூட விழவில்லை. அதை அவள் கவனித்தாள். 

கூடத்துக்கு வந்து கைப்பேசியை எடுத்தாள். தீயணைப்பு நிலையத்தின் எண் கிடைக்கவில்லை. டீச்சர் எடுக்கவில்லை. கடைசியில் அந்த வார்டுப் பையன் எடுத்தான். பின்னணியில் அவன் வீட்டிலும் அதே காற்று.

"தம்பி, வாசல்ல மரம் விழுந்துடுச்சு. வெளிய வர முடியல. உங்க பக்கத்துல யாராவது இருந்தா சொல்லி அனுப்பு. நீ காலையில அண்ணனுக்குப் பை மாத்திட்டேயில்ல? எனக்கு அதுவும் தெரியணும்."

"அக்கா?" அவன் தயங்கினான். "நான் போன மாசமே நின்னுட்டேனேக்கா. அண்ணன் உங்ககிட்ட சொல்லலையா? இனி வேண்டாம், தங்கச்சியே பாத்துக்கறான்னு சொல்லிட்டாரு. நீங்கதானே துடைக்கிறீங்க?"

"என்ன சொல்ற?"

"அக்கா, கடைசி தடவை புரட்டினப்போ இடுப்புக்கிட்ட ஒரு புண்ணு பாத்தேன். அதுக்குள்ள வெள்ளையா, நூல் மாதிரி என்னமோ..."

இணைப்பு போனது. திரும்ப வரவில்லை.

அவள் கைப்பேசியைக் காதில் வைத்தபடியே நின்றாள். மழைச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. எப்போதிருந்து கேட்கிறது என்று தெரியவில்லை. காய்ந்த துணியைக் கையால் வருடுவதுபோல, பொறுமையாக, நிற்காமல், சுவருக்குள்ளேயே ஏதோ இழுபட்டு நகரும் சத்தம். அது அண்ணன் அறையில் தொடங்கி, சமையலறைச் சுவர் வழியாக, அவள் நிற்கும் கூடத்தின் தரைக்கடியில் வந்து, அங்கே நின்றது.

டார்ச்சை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள்.

முதலில் குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தாள். சிறுநீர்ப் பை தொங்கிக்கொண்டிருந்தது. காலியாக. வெறும் காலியல்ல, உலர்ந்து போயிருந்தது. அதன்மேல் தூசி படிந்து, ஒரு சிலந்தி நூல் கட்டியிருந்தது. குழாய் மெத்தையின் அடிப்புறத்தோடு சேர்ந்திருந்தது. மெத்தையின் அடிப்புறம் வெள்ளையாக இருந்தது. பஞ்சு பிரிந்து தொங்குகிறதோ என்று ஒளியைக் கிட்டே கொண்டுபோனாள்.

பஞ்சு இல்லை. வேர்.

தலைமுடி போல மெல்லிய, ஈரமான, எண்ண முடியாத வேர்கள். கட்டில் கம்பிகளில் பின்னி, தரையின் விரிசலுக்குள் இறங்கி, அங்கிருந்து சுவரின் அடிப்பகுதிக்கு ஓடின. ஒளி பட்டதும் நுனிகள் சற்றே சுருங்கின.

"பாத்துட்டியா?" என்றான் அண்ணன். மேலேயிருந்து, மெதுவாக.

அவள் எழுந்தாள். போர்வையின் நுனியைப் பிடித்தாள். இந்த முறை அவன் தடுக்கவில்லை.

கால்கள் இருந்தன. அவை அவன் கால்கள்தான் என்று சிறுவயதில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பை வைத்துத் தெரிந்துகொண்டாள். முழங்காலுக்குக் கீழே எது தோல், எது தண்டு என்று சொல்ல முடியவில்லை. பச்சை நரம்புகள் தொடையில் ஏறி, வயிற்றுக்குப் பக்கத்தில் நீல நரம்புகளோடு சேர்ந்தன. இடுப்புப் புண் ஆறியிருந்தது, அதைச் சுற்றித் தசை வாயைப் போலக் குவிந்து ஒரு தடித்த தண்டைக் கவ்விக்கொண்டிருந்தது. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஒரு பிஞ்சு. பூனைமயிரோடு. அதன் நுனியில் வாடாத பூ.

 இந்தக் கோடை முழுவதும் அவள் நறுக்கிச் சமைத்துச் சாப்பிட்டது இதைத்தான்.

"வலிக்கல பாப்பா. சத்தியமா. முதல்ல ஒண்ணும் தெரியல. அப்புறம் ஒருநாள் வெயில் தெரிஞ்சுது. கால்ல வெயில் பட்டா எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு எனக்கு. அழுதுட்டேன்."

ஜன்னல் வழியே உள்ளே வந்த கொடி அவன் தலைமாட்டில் கிடந்தது. மணிக்கட்டுப் பருமன். இத்தனை வருடப் பழக்கத்தில் அவள் கை தானாக நீண்டு, இரண்டு விரல்களை அதன்மேல் வைத்தது. துடித்தது. மற்றக் கையால் அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தாள். அதுவும் துடித்தது. இரண்டும் ஒன்றாக. ஒன்று தவறினால் மற்றதும் தவறியது. அண்ணன் மூச்சை இழுத்தபோது ஜன்னலை அடைத்திருந்த இலைகள் அத்தனையும் சற்றே மேலெழுந்தன. விட்டபோது தாழ்ந்தன.

சமையலறையிலிருந்து அரிவாள்மனையைக் கொண்டுவந்தாள்.  தடித்த தண்டைத் தொட அவளுக்குத் துணிவில்லை. ஓரத்தில் கிடந்த ஒரு சிறு கிளையைத்தான் இழுத்து வைத்து அறுத்தாள்.

அண்ணன் அலறினான். கம்பத்திலிருந்து விழுந்த நாளில்கூட அப்படி அலறியதில்லை. அறுபட்ட இடத்திலிருந்து வந்தது டார்ச் வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரிந்தது. நிறத்தைப் பார்க்க வேண்டிய தேவை அவளுக்கு இல்லை. அந்த வாடை போதும். வாழ்நாள் முழுவதும் குழாய் குழாயாகப் பிடித்த வாடை.

"ஏண்டி, ஏண்டி இப்படிப் பண்ற" என்று குழந்தையைப் போல விசும்பினான். "நான் உன்னை என்ன பண்ணினேன்?"

அரிவாள்மனை கீழே விழுந்தது. அவள் ஓடினாள்.

பின்கதவு. தாழ்ப்பாளை விலக்கி இழுத்தாள். திறந்தது. ஆனால் வெளியே வழி இல்லை. நிலைச்சட்டத்தை நிறைத்துக்கொண்டு இலை, தண்டு, சுருள், காய்கள். காலையில் இந்த வழியாகத்தான் போய்க் காய் பறித்து வந்தாள். கையை விட்டு விலக்கப் பார்த்தாள். சுருள் ஒன்று அவள் சுண்டுவிரலைப் பற்றியது. மென்மையாக. பிடித்துக்கொண்டு நடை பழகும் குழந்தையைப் போல. பிய்த்துக்கொண்டு பின்வாங்கினாள். சமையலறை ஜன்னல், இரும்புக் கம்பி. குளியலறை, தலைகூட நுழையாத ஒரு காற்றுத்துளை. கழுவுதொட்டியின் வடிகாலிலிருந்து வெளிர் பச்சையாக ஒரு நுனி எட்டிப் பார்த்தது.

கூடம். தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்து கத்தினாள். "டீச்சர்! டீச்சர்!" காற்று அதை அவள் வாயிலேயே திணித்தது. மழைநீர் வாசற்படி தாண்டி உள்ளே வந்தது. பாதம் நனைந்தது. கணுக்கால் நனைந்தது.

அப்போது கட்டில் முனகியது.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். லீவு நாட்களில் அவளும் வார்டுப் பையனும் சேர்ந்து அண்ணனைத் தூக்கும்போது வரும் சத்தம். பாரம் இறங்கியதும் ஸ்பிரிங்குகள் ஒவ்வொன்றாக நிமிரும் சத்தம்.

பிறகு தண்ணீரில் ஏதோ உரசியது.

நின்றது.

உரசியது.

அறைக்கும் கூடத்துக்கும் நடுவிலிருந்த நடையில், சுவரைப் பிடித்தபடி ஒரு கை தெரிந்தது. பிறகு அண்ணனின் முகம், சற்று உயரத்தில். அவன் இவ்வளவு உயரம் என்பதையே அவள் மறந்திருந்தாள்.

"பயப்படாத பாப்பா."

"கிட்ட வராத."

"எனக்கு எல்லாம் தெரியும். வாசல்ல நின்னு போன்ல பேசினியே. கொடி அங்கயும் வந்துடுச்சுல்ல. கேட்டுது." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. "உன்மேல தப்பில்ல. எத்தனை வருஷம் என்னைத் தூக்கிச் சுமந்தே. உனக்குன்னு ஒரு வாழ்க்கை வேணாமா? அதான் எழுந்துட்டேன். இனி நீ எங்கயும் போக வேண்டாம். நான் உன்னைப் பாத்துக்கறேன்."

அவள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டாள்.  இருட்டில் தண்ணீருக்கடியிலிருந்து ஏதோ அவள் மடியின்மேல் ஊர்ந்து ஏறியது. இடது கையைச் சுற்றியது. முழங்கை மடிப்பில் வந்து தயங்கியது. தடவிப் பார்த்தது, அவளே தினமும் தடவிப் பார்ப்பதைப் போல. பிறகு நுழைந்தது. முதல் குத்திலேயே. வலிக்கவே இல்லை.

முதலில் விரல்கள் மரத்தன. பிறகு தோள். பிறகு நாக்கு.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. காற்று இறங்கியது. மழை தூறலானது. தெருப்பக்கத்து ஜன்னலில் சாயங்காலத்தின் கடைசி வெளிச்சம், கழுவிவிட்டதுபோலத் தெளிவாக, வந்து நின்றது. வாசலில் ஆள் சத்தம். அரிவாள் விழும் சத்தம். டார்ச் ஒளிகள் சுவரில் ஓடின.

"உள்ள யாராவது இருக்கீங்களா?" ஓர் ஆணின் குரல். தீயணைப்புக்காரராக இருக்கும். "அடி ஏதும் பட்டிருக்கா?"

இருக்கிறேன் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். வாய் திறந்தது. அவ்வளவுதான்.

அண்ணன் ஜன்னலுக்குப் போனான். கம்பிகளுக்குப் பின்னால் நின்று, வெளிச்சத்தில் முகத்தைக் காட்டினான்.

வெளியே டார்ச் ஒளிகள் அவன் முகத்தில் குவிந்தன. பிறகு எதிர்வீட்டு டீச்சர் கூவினாள். "ஐயோ! கரண்ட் அண்ணன் நிக்கிறாரு! பாருங்க, எழுந்து நிக்கிறாரு!"

யாரோ கை தட்டினார்கள். யாரோ கடவுளைக் கூப்பிட்டார்கள். டீச்சர் சிரிப்பும் அழுகையுமாக என்னென்னவோ சொன்னாள்.

"நாங்க நல்லா இருக்கோம்" என்றான் அண்ணன். "வீட்டுக்கு ஒண்ணும் ஆகல. வேற எங்கயாவது அவசரமா இருக்கும், அங்க போங்க சார். இதைக் காலையில வெட்டிக்கலாம்."

"தங்கச்சி எங்க?"

"தூங்குறா டீச்சர். பாவம், ரொம்ப அலைஞ்சுட்டா."

"தூங்கட்டும், தூங்கட்டும். எவ்வளவு பாடுபட்டா உங்களுக்காக. அவ நல்ல மனசுக்குத்தான் இது நடந்திருக்கு."

வெளியே இருந்தவர்களுக்கு ஜன்னலின் மேல்பாதிதான் தெரிந்தது. தரையில் உட்கார்ந்திருந்த அவளுக்குக் கீழ்ப்பாதி தெரிந்தது. அண்ணனின் பாதங்கள் தரையைத் தொடவில்லை. தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, விரல்கள் கீழ்நோக்கித் தளர்ந்து, ஆணியில் மாட்டிய சட்டையின் கைகளைப் போல ஆடிக்கொண்டிருந்தன. முதுகுக்குப் பின்னால் தடித்த தண்டு ஒன்று நடை முழுவதும் நீண்டு, அவனைத் தூக்கிப் பிடித்திருந்தது. அவன் வலது கை உயர்ந்து, அவர்களைப் பார்த்து அசைந்தது. தோளிலிருந்து முழங்கை வரை சட்டைக்குள் ஏதோ ஓடி ஓடி அதை அசைத்தது.

ஒளிகள் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தன. டீச்சரின் கதவு சாத்தப்பட்டது. தெரு காலியாகி இருட்டியது.

கை இன்னும் அசைந்துகொண்டிருந்தது.